இது அந்த ரத்தக்கட்டு இல்லை, அம்மா

விருதுநகர் மாவட்டத்திலிருந்து ஒரு தாய் நான்கு பக்கம் எழுதியிருக்கிறார். வயது 53, வீட்டிலேயே தையல் மெஷின் போட்டுப் பிழைப்பு நடத்துபவர். 29 வயது மகனுக்குத் தன் கிட்னி ஒன்றைக் கொடுத்து 13 வாரம் ஆகிறது. ஆபரேஷன் நடந்தது சென்னையில். மகனுக்கு கிரியாட்டினின் (கிட்னி எப்படி வேலை செய்கிறது என்று காட்டும் ரத்த அளவு, கிட்னி தளர்ந்தால் ஏறும்) 1.2-க்கு இறங்கி, எல்லாம் நல்லபடியாகப் போய்க்கொண்டிருந்தது. ஒன்பதாவது வாரம் செக்கப் முடித்து இரவு பஸ்ஸில் ஊர் திரும்பிய இரண்டாம் நாள், வலது கால் கனத்து வலிக்கத் தொடங்கியது. பக்கத்து ஊர் கிளினிக்கில் சுளுக்கு என்று சொல்லி டைக்ளோஃபெனாக் என்ற வலி ஊசி இரண்டு போட்டார்கள். உறவினர் ஒருவர் விளக்கெண்ணெய் தேய்த்து உருவிவிட்டார். வீக்கம் குறையவில்லை. நான்காம் நாள் இந்த அம்மா ரவிக்கை அளவெடுக்கும் இன்ச் டேப்பால் இரண்டு கெண்டைக்காலையும் அளந்து பார்த்தார். இடது 14 அங்குலம், வலது 15½. அன்றே மகனை அழைத்துக்கொண்டு ஓடினார். ரத்த ஓட்டத்தைக் காட்டும் டாப்ளர் ஸ்கேனில் வலது தொடையிலிருந்து இடுப்பு வரைக்கும் சிரையில் ரத்தம் உறைந்திருப்பது தெரிந்தது. சில நாள் ஊசி, கூடவே ரத்தம் மெலிய வார்ஃபரின் மாத்திரை. இப்போது வீக்கம் பெரும்பாலும் வடிந்துவிட்டது. ஆனால் கிரியாட்டினின் 1.5 காட்டுகிறது.

அவருடைய கேள்விகள் இவை. கிட்னி ஒத்துக்கொள்ளாமல் போகிறதா? கால்தான் சரியாகிவிட்டதே, ரத்தம் மெலியும் மாத்திரை கிட்னியைக் கெடுத்துவிடும் என்கிறார்களே, மகன் அதை நிறுத்திவிடலாம் என்கிறானே, நிறுத்தலாமா? அடிக்கடி ரத்தம் எடுக்கத் தேவையில்லாத புது மாத்திரைக்கு மாறலாமா? கீரை, பூண்டு சாப்பிடலாமா? கடைசிப் பக்கத்தின் அடியில் நெருக்கி எழுதிய இரண்டு வரி: "பிரசவத்தின்போதே என் ரத்தம் கெட்டி என்று சொன்னார்கள். நான் கொடுத்த கிட்னிதான் அவன் ரத்தத்தை உறைய வைக்கிறதா டாக்டர்?"

அம்மா, அந்தக் கடைசி இரண்டு வரிக்கே முதலில் பதில் சொல்கிறேன். நான்கு பக்கத்தையும் உங்களை எழுத வைத்தது அதுதான் என்று நினைக்கிறேன்.

உங்கள் ரத்தம் அவர் உடம்பில் இல்லை

உங்களிடமிருந்து எடுத்த கிட்னியை ஐஸ் நிரப்பிய பாத்திரத்தில் வைத்து, அதன் தமனி வழியாகக் குளிர்ந்த திரவத்தை ஓடவிடுவார்கள். உள்ளே இருந்த ரத்தம் சிரை வழியாக வெளியே வந்துகொண்டே இருக்கும். முதலில் சிவப்பாக, பிறகு ரோஸ் நிறமாக, கடைசியில் தெளிந்த நீராக. கிட்னியும் சிவப்பு போய் வெளுத்துவிடும். மகனின் ரத்தக்குழாய்களோடு தைத்து கிளிப்பை எடுத்ததும் அது மறுபடி சிவக்கும். உயிரோடு இருக்கும் ஒருவர் கொடுத்த கிட்னி என்றால், பல நேரம் ஆபரேஷன் மேஜையிலேயே சிறுநீர் சொட்டத் தொடங்கிவிடும். அந்த நிமிடம் முதல் அதில் ஓடுவது முழுக்க உங்கள் மகனின் ரத்தம்.

ரத்த அணுக்கள் உருவாவது எலும்பு மஜ்ஜையில். உறைய வைக்கும் பொருள்களில் பெரும்பாலானவை கல்லீரலில் உருவாகின்றன. அந்த இரண்டும் மகனுடையவை. சில குடும்பங்களில் ரத்தம் எளிதில் உறையும் தன்மை பரம்பரையாக வருவது உண்டு. அது பிறக்கும்போதே மரபணுவில் வருவது, தாயிடமிருந்தும் வரலாம், தந்தையிடமிருந்தும் வரலாம். கிட்னி வழியாக வருவதில்லை. பிரசவத்தில் "ரத்தம் கெட்டி" என்று சொன்னது அநேகமாக உங்கள் ஹீமோகுளோபின் அளவைப் பார்த்துச் சொன்ன பேச்சாக இருக்கும். ஆக, உங்கள் கிட்னி அவருக்கு எந்தக் கெடுதலும் செய்யவில்லை.

சரி, அப்படியானால் எங்கிருந்து வந்தது?

நம் பேச்சில் "ரத்தக்கட்டு" என்றால் அடிபட்டு, தோலுக்கு அடியில் ரத்தம் கசிந்து கன்றிப்போவது. மூசாம்பரம் பற்றுப் போடுவோம், எண்ணெய் தேய்ப்போம். மருத்துவர் "காலில் ரத்தம் கட்டியிருக்கிறது" என்றதும் வீட்டில் எல்லோருக்கும் அதுதான் நினைவுக்கு வரும். உங்கள் மகனுக்கு வந்திருப்பது அது இல்லை. இது ஆழத்தில் இருக்கும் சிரைக்கு உள்ளேயே ரத்தம் உறைந்து குழாயை அடைத்துக்கொள்வது. இதை உருவினால் உறைந்ததில் ஒரு துண்டு பிய்ந்து, இதயம் வழியாக நுரையீரலுக்குப் போய் அடைத்துக்கொள்ளலாம். அது உயிருக்கே ஆபத்து. உறவினர் நல்ல மனதோடுதான் செய்தார், நல்லவேளையாக ஒன்றும் ஆகவில்லை. இனி அந்தக் காலை யாரும் உருவக் கூடாது, பிடித்துவிடவும் கூடாது.

சிரையில் ரத்தம் உறைய மூன்று காரணங்களை, 19-ஆம் நூற்றாண்டின் ஜெர்மன் மருத்துவர் ருடால்ஃப் விர்ச்சோவின் பெயரோடு சேர்த்துச் சொல்வார்கள். ஓட்டம் மந்தமாவது, குழாயின் உட்சுவர் காயப்படுவது, ரத்தமே எளிதில் உறையும் நிலைக்குப் போவது. கிட்னி மாற்று செய்துகொண்டவருக்கு முதல் சில மாதங்களில் இந்த மூன்றும் ஒரே நேரத்தில் அமைந்துவிடுகின்றன. புதுக் கிட்னியை முதுகுப் பக்கம் வைப்பதில்லை, அடிவயிற்றின் ஓரத்தில், பெரும்பாலும் வலது பக்கத்தில் வைப்பார்கள். அதன் சிரையைக் காலிலிருந்து மேலே போகும் பெரிய சிரையோடு தைப்பார்கள். உங்கள் மகனுக்கு வலது கால் வீங்கியதற்கும் இதற்கும் நேரடித் தொடர்பு இருக்கலாம். அதோடு பெரிய ஆபரேஷன், படுக்கை, ஸ்டீராய்டு மாத்திரை, பிறகு ஒரு ராத்திரி முழுக்க மடக்கிய காலோடு பஸ் பயணம். டயாலிசிஸ் தொடங்கிய காலத்தில் வலது தொடையில் தற்காலிகக் குழாய் போட்டிருந்தார்களா என்று நினைவுபடுத்திப் பாருங்கள். அப்படியானால் அந்தச் சிரையில் ஏற்கெனவே தழும்பு இருந்திருக்கலாம். டாக்டரிடம் அதைச் சொல்லுங்கள்.

நீங்கள் போகிற போக்கில் எழுதிய ஒரு வரி

மூன்றாம் பக்கத்தில், "கிட்னிக்குப் பக்கத்தில் கொஞ்சம் நீர் கோர்த்திருப்பதாக ஸ்கேன் ரிப்போர்ட்டில் இருக்கிறதாம், அது பெரிய விஷயம் இல்லையாம்" என்று எழுதியிருக்கிறீர்கள். கடிதத்திலேயே நான் திரும்பத் திரும்பப் படித்த வரி அது.

கிட்னியைப் பொருத்தும்போது அந்த இடத்தில் ஓடும் நுண்ணிய நிணநீர்க் குழாய்கள் அறுபடும். அதிலிருந்து கசியும் நீர் சிலருக்கு ஒரு பையாகத் தேங்கும். சின்னதாக இருந்தால் தானாக வற்றிவிடும், அந்த வகையில் உங்களுக்குச் சொன்னதும் தவறில்லை. ஆனால் பெரிதாக இருந்தால் இரண்டு வேலை செய்யும். பக்கத்தில் போகும் சிரையை அமுக்கி, காலிலிருந்து வரும் ரத்தத்தை மந்தமாக்கும். கிட்னியிலிருந்து சிறுநீர்ப்பைக்கு வரும் குழாயை அமுக்கி, கிரியாட்டினினை ஏற்றும். உங்கள் மகனுக்கு இரண்டுமே நடந்திருக்கிறது. காரணம் இதுதான் என்று கடிதத்தை மட்டும் வைத்து நான் அடித்துச் சொல்ல முடியாது. ஆனால் கால் வீக்கத்தையும் கிரியாட்டினினையும் சேர்த்து விளக்கக்கூடிய ஒன்றை யாராவது ஒருவர் உட்கார்ந்து பார்த்தே ஆக வேண்டும்.

எனவே சென்னையில் ஆபரேஷன் செய்த குழுவிடம் இப்படிக் கேளுங்கள்: "அந்த நீர் எத்தனை சென்டிமீட்டர்? சிரையை அமுக்குகிறதா? கிட்னியில் சிறுநீர் தேங்கியிருக்கிறதா? கிட்னியின் சொந்தச் சிரையில் ஓட்டம் சரியாக இருக்கிறதா?" நான்கும் ஒரே டாப்ளர் ஸ்கேனில் தெரியும். நீரை எடுக்க வேண்டும் என்றால் ஸ்கேன் பார்த்தபடி ஊசியாலோ குழாயாலோ எடுப்பார்கள். திரும்பத் திரும்பத் தேங்கினால் லேப்பராஸ்கோப்பியில், அதாவது சின்னத் துளை வழியாக, வயிற்றுக்குள் வடியும்படி ஒரு வழி செய்வார்கள். வார்ஃபரின் சாப்பிடுகிறவர் என்பதால் எந்த நாளில் செய்வது, எத்தனை நாள் முன்பு மாத்திரையை நிறுத்துவது என்பதை அவர்கள்தான் முடிவு செய்ய வேண்டும்.

உங்கள் கடிதத்தில் இல்லாத ஒன்றும் உண்டு. மகனின் சொந்தக் கிட்னிகள் எதனால் பழுதாயின? சில நோய்களில் சிறுநீரில் புரதம் கொட்டும். அதோடு சேர்ந்து, ரத்தம் உறையாமல் காக்கும் பொருளும் போய்விடும். அந்த நோய்களில் சில, புதுக் கிட்னியிலும் திரும்ப வரக்கூடியவை. சிறுநீரில் புரதம் பார்க்கும் பரிசோதனைக்குச் செலவு அதிகம் இல்லை, அதைக் கேட்டு வாங்குங்கள்.

கிட்னி ஒத்துக்கொள்ளவில்லையா?

காலில் ரத்தம் உறைவது ஒன்று, உடம்பு கிட்னியை நிராகரிப்பது வேறொன்று. நிராகரிப்பு என்பது உடம்பின் எதிர்ப்பு சக்தி அந்நிய உறுப்பு என்று அடையாளம் கண்டு தாக்குவது. கால் வீங்கியதை வைத்து அப்படி முடிவுகட்ட வேண்டாம்.

கிட்னியின் தமனியோ சிரையோ அடைபடுவது என்று ஒன்று உண்டு, நாங்கள் மிகவும் பயப்படுவது அதற்குத்தான். அது பெரும்பாலும் ஆபரேஷன் முடிந்த முதல் சில நாட்களில், அதிகம் போனால் இரண்டு வாரத்துக்குள் வரும். சிறுநீர் திடீரென நின்றுபோகும், கிட்னி வைத்த இடம் வீங்கி வலிக்கும், சிறுநீரில் ரத்தம் வரும். அதை உங்கள் மகன் தாண்டி வந்துவிட்டார். ஆனாலும் இடுப்புச் சிரையில் உறைந்தது மேலே வளர்ந்தால் கிட்னியின் சிரை வாயை மூடக்கூடும். இந்தச் சிகிச்சை காலோடு சேர்த்துக் கிட்னிக்கும் காவல் என்பது அதனால்தான்.

1.2 எப்படி 1.5 ஆனது? என் மனதில் மூன்று சந்தேகம். ஒன்று அந்த நீர்த்தேக்கம். இரண்டாவது, டைக்ளோஃபெனாக் ஊசி. உடம்பு புதுக் கிட்னியை நிராகரிக்காமல் இருக்கக் கொடுக்கும் டாக்ரோலிமஸ் மாத்திரை, கிட்னிக்குப் போகும் ரத்தக்குழாயைக் கொஞ்சம் சுருக்கும் குணம் உடையது. வலி ஊசி அதே வேலையைச் செய்து இன்னும் சுருக்கும். ஊசி போட்டவருக்கு மாற்றுக் கிட்னி என்று தெரிந்ததா என்பது கடிதத்தில் இல்லை. மூன்றாவது சந்தேகம்தான் பெரியது. அதைக் கீழே எழுதுகிறேன்.

மாத்திரையை நிறுத்தலாமா?

வேண்டாம், அம்மா. இந்த ஒரு பதிலை மட்டும் மகனுக்குச் சத்தமாகவே படித்துக் காட்டுங்கள். ரத்தம் மெலியும் மாத்திரை என்று நாம் சொல்கிறோமே தவிர, ரத்தம் தண்ணீர் ஆவதும் இல்லை, மாத்திரை அந்த உறைவைக் கரைப்பதும் இல்லை. புதிதாக உறையாமல் அது தடுக்கிறது. ஏற்கெனவே உறைந்ததை உடம்பு தன் வேகத்தில் கரைத்துக்கொள்கிறது. வீக்கம் வடிந்ததும் வேலை முடிந்தது என்று அர்த்தம் இல்லை. குறைந்தது மூன்று மாதம் சாப்பிட வேண்டும், உங்கள் மகன் ஒரு மாதம்தான் முடித்திருக்கிறார். அதற்கு அப்புறம் காரணம் நீங்கிவிட்டதா என்று பார்த்து நிறுத்துவதா தொடர்வதா என்று டாக்டர் சொல்வார்.

"கிட்னியைக் கெடுத்துவிடும்" என்று சொன்னவர் முற்றிலும் தவறாகச் சொல்லவில்லை. ஐஎன்ஆர் என்பது வார்ஃபரின் சாப்பிடுகிறவருக்கு ரத்தம் உறைவது எவ்வளவு தாமதமாகிறது என்று காட்டும் பரிசோதனை. அந்த அளவு 3-க்கு மேலே ஏறினால் சில நேரம் கிட்னியின் வடிகட்டிகளுக்குள்ளேயே ரத்தம் கசிந்து பாதிக்கும். 2-க்கும் 3-க்கும் நடுவில் வைத்திருந்தால் அந்தப் பயம் பெரிதாக இல்லை. நீங்கள் எழுதியிருக்கும் மூன்று அளவுகள் 1.6, 3.8, 2.2. நடுவில் ஏன் 3.8? அதற்கு மேல் வரியிலேயே, "அந்த வாரம் தொண்டைவலிக்கு ஐந்து நாள் ஆன்டிபயாடிக் கொடுத்தார்கள்" என்று இருக்கிறது. மூன்றாவது சந்தேகம் என்றேனே, அது இதுதான். எந்த மாத்திரை என்று நீங்கள் எழுதவில்லை. எரித்ரோமைசின், கிளாரித்ரோமைசின் வகை என்றால் வார்ஃபரினின் வேகத்தையும் கூட்டும், டாக்ரோலிமஸ் அளவையும் எகிற வைக்கும். டாக்ரோலிமஸ் கூடினால் கிரியாட்டினின் ஏறும். பழைய அட்டையைத் தேடி எடுத்து டாக்டரிடம் காட்டுங்கள், டாக்ரோலிமஸ் அளவையும் பார்க்கச் சொல்லுங்கள். அந்த ரத்தத்தைக் காலை மாத்திரை போடுவதற்கு முன்பு கொடுக்க வேண்டும், போட்ட பிறகு கொடுத்தால் அளவு பொய்யாகக் கூடுதலாகத் தெரியும்.

இப்படி இரண்டு பக்கமும் இழுக்கும் மருந்துகள் வேறு பல உண்டு. ஃப்ளூகோனசோல் போன்ற பூஞ்சை மாத்திரை இரண்டையும் கூட்டும். காசநோய்க்குக் கொடுக்கும் ரிஃபாம்பிசின் இரண்டையும் அடியோடு குறைத்துவிடும். மாற்றுக் கிட்னிக்காரர்களுக்கு நிமோனியா வராமல் இருக்கக் கொடுக்கும் கோட்ரைமாக்ஸசோல் வார்ஃபரினைக் கூட்டும். அதைச் சாப்பிடுகிறாரா என்று பாருங்கள். சாப்பிட்டால், அதை நிறுத்தும் மாதத்தில் ஐஎன்ஆர் இறங்கும், அப்போது அடிக்கடி பார்க்க வேண்டும். உங்கள் மகனுக்கு இப்போது சென்னை டாக்டர் ஒருவர், கால் பார்த்தவர் ஒருவர், உள்ளூர் கிளினிக் ஒன்று என்று மூன்று இடத்தில் மருந்து எழுதுகிறார்கள். ஒருவர் எழுதியது மற்றவருக்குத் தெரிவதில்லை. தையல் கடையில் அளவு எழுதும் நோட்டு வைத்திருப்பீர்களே, அதுபோல ஒன்று போடுங்கள். தேதி, ஐஎன்ஆர், டாக்ரோலிமஸ் அளவு, கிரியாட்டினின், புதிதாகக் கொடுத்த மாத்திரையின் பெயர். எந்த டாக்டரிடம் போனாலும் முதலில் நோட்டை நீட்டுங்கள். ஐஎன்ஆருக்காகச் சென்னை வரை போக வேண்டியதில்லை. உள்ளூரில் நம்பகமான ஒரே லேபில் எடுத்து, அளவைப் போனில் சொன்னால் அவர்கள் மாத்திரையைக் கூட்டியோ குறைத்தோ சொல்வார்கள்.

புது மாத்திரை பற்றிக் கேட்டிருந்தீர்கள். அபிக்ஸபான், ரிவராக்ஸபான் போன்றவை மாற்றுக் கிட்னி உள்ளவர்களுக்கும் இப்போது கொடுக்கப்படுகின்றன. அடிக்கடி ரத்தம் எடுக்க வேண்டாம், கீரைக் கணக்கும் வேண்டாம். அபிக்ஸபான் கிட்னி வழியாக வெளியேறுவது கால் பங்கு அளவுதான். டாபிகாட்ரான் பெரும்பாலும் கிட்னி வழியாகவே போகும், அது உங்கள் மகனுக்கு ஏற்றதாக எனக்குத் தோன்றவில்லை. மாறும் முன்பு மூன்று விஷயம் தெரிய வேண்டும். கிரியாட்டினின் ஏன் ஏறியது, நீரை எடுக்க வேண்டியிருக்குமா, ரத்தத்தை எளிதில் உறைய வைக்கும் ஆன்டிபாஸ்போலிப்பிட் என்ற எதிர்ப்பொருள் ரத்தத்தில் இருக்கிறதா. அந்த எதிர்ப்பொருள் இருந்தால் பழைய வார்ஃபரினே பாதுகாப்பு. எனவே இந்த மாதம் மாற வேண்டாம், அடுத்த செக்கப்பில் கேளுங்கள்.

சாப்பாடு, நடை, பயணம்

கீரையை விட்டுவிட வேண்டாம். முருங்கைக்கீரையில் இருக்கும் வைட்டமின் கே வார்ஃபரினுக்கு எதிராக வேலை செய்யும், உண்மைதான். ஆனால் வாரம் இரண்டு நாள் என்றால் எல்லா வாரமும் இரண்டு நாள் என்று வைத்துக்கொண்டால் போதும். மாத்திரை அளவை அதற்கேற்ப அமைத்துவிடுவார்கள். ஒரு வாரம் தினமும், மறு வாரம் ஒன்றுமே இல்லை என்பதுதான் குழப்பும். குழம்பில் போடும் பூண்டு பரவாயில்லை. ரத்தம் சுத்தமாகும் என்று பச்சைப் பூண்டு பத்துப் பல் விழுங்குவதும், நாட்டு மருந்துப் பொடிகளும் வேண்டாம். பம்பளிமாஸ் பழம் கூடவே கூடாது, அது டாக்ரோலிமஸை ஏற்றிவிடும். வலிக்குப் பாராசிட்டமால் மட்டும், அதுவும் டாக்டர் சொன்ன அளவில். இடுப்பில் ஊசி போடப் போனால் மாத்திரை விஷயத்தைச் சொல்லி மறுத்துவிடுங்கள்.

படுக்கையிலேயே இருக்க வேண்டும் என்று யாரோ சொன்னதாக எழுதியிருந்தீர்கள். மருந்து தொடங்கிய பிறகு நடப்பது நல்லது. உட்காரும்போது காலை உயர்த்தி வைக்கட்டும். நீண்ட பயணம் என்றால் பஸ் நிற்கும் இடத்திலெல்லாம் இறங்கி நாலு எட்டு நடக்கட்டும், உட்கார்ந்திருக்கும்போது பாதத்தை மேலும் கீழும் அசைத்துக்கொண்டே இருக்கட்டும். டாக்டர் சொன்ன அளவு தண்ணீர் குடிக்கட்டும்.

உடனே ஓட வேண்டியது எப்போது?

திடீர் மூச்சுத்திணறல், மூச்சு இழுக்கும்போது நெஞ்சில் குத்து, இருமலில் ரத்தம், மயக்கம். இதில் ஒன்று வந்தாலும் விடியும் வரை காத்திருக்காமல் 108-ஐ அழையுங்கள். சிறுநீர் சட்டெனக் குறைந்தாலோ கிட்னி வைத்த இடம் வலித்தாலோ காய்ச்சல் வந்தாலோ அன்றே ஆஸ்பத்திரிக்குப் போங்கள். கறுப்பாக மலம் போவது, சிறுநீரில் ரத்தம், தலையில் அடிபடுவது ஆகியவற்றுக்கும் அப்படித்தான். உள்ளே நுழைந்ததும் சொல்ல வேண்டிய முதல் வாக்கியம்: "கிட்னி மாற்று ஆனவர், வார்ஃபரின் சாப்பிடுகிறார்." இதை ஒரு அட்டையில் எழுதி அவர் சட்டைப்பையில் வையுங்கள். நுரையீரல் அடைப்பு என்று சந்தேகப்பட்டு சிடி ஸ்கேன் எடுக்கச் சொன்னால், மருந்து ஏற்றினால் கிட்னி கெட்டுவிடும் என்று கையெழுத்துப் போட மறுக்காதீர்கள். அந்த நேரத்தில் அடைப்பைக் கண்டுபிடிப்பதுதான் முக்கியம், கிட்னியைப் பாதுகாக்க வேண்டியதை அவர்கள் பார்த்துக்கொள்வார்கள்.

நீங்கள் இன்ச் டேப் எடுத்து அளந்தீர்களே, அதைத்தான் நாங்களும் செய்வோம். இரண்டு கெண்டைக்காலுக்கும் 3 சென்டிமீட்டருக்கு மேல் வித்தியாசம் இருந்தால் சிரையில் உறைவு இருக்குமோ என்று சந்தேகப்படுவோம். உங்கள் ஒன்றரை அங்குலம் கிட்டத்தட்ட 3.8 சென்டிமீட்டர். வாரம் ஒருமுறை, முழங்காலுக்குக் கீழே நாலு விரற்கடையில், அதே இடத்தில் அளந்து நோட்டில் எழுதுங்கள். மறுபடி அரை அங்குலம் கூடினால் அன்றே போன் செய்யுங்கள்.

அப்புறம், நான்கு பக்கத்திலும் உங்கள் உடம்பைப் பற்றி ஒரு வரிகூட இல்லை. நீங்களும் ஆபரேஷன் ஆனவர், ஒரு கிட்னியோடு இருப்பவர். உங்கள் ரத்த அழுத்தம், கிரியாட்டினின், சிறுநீர்ப் புரதம் மூன்றையும் வருடத்துக்கு ஒருமுறையாவது பார்க்க வேண்டும், முதல் வருடம் இன்னும் அடிக்கடி. அடுத்த முறை மகனோடு சென்னைக்குப் போகும்போது, அவருக்கு ரத்தம் எடுத்து முடித்ததும் எழுந்து வந்துவிடாதீர்கள். அதே நாற்காலியில் நீங்களும் உட்கார்ந்து கையை நீட்டுங்கள். நோட்டின் பின்பக்கத்தில் உங்கள் பெயரில் ஒரு பக்கம் தொடங்குங்கள்.